சேலத்து ஜெராக்ஸ் கடை பிரெக்ஸிட் நோட்ஸ்: வாங்கலாமா?

புதிய பஸ் ஸ்டாண்டுக்கும் ஐந்து ரோட்டுக்கும் நடுவில் உள்ள ஜெராக்ஸ் கடைகளில் குரூப் 1, யு.பி.எஸ்.சி. எழுதுகிறவர்களுக்கான நோட்ஸ் வரிசையாகத் தொங்கும். அதில் ஒன்றைப் பற்றித்தான் இந்த விமர்சனம். பொருள்: பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற நடத்திய பேச்சுவார்த்தையும், அதன் நடுவே அமைச்சர்கள் ஒருவர் பின் ஒருவராக ராஜினாமா செய்ததும். 118 பக்கம், இரண்டு பக்கமும் பிரின்ட், ஸ்பைரல் பைண்டிங், 140 ரூபாய். தயாரித்தது உள்ளூர் கோச்சிங் சென்டர் ஒன்று. பெயர் வேண்டாம். கைமாறிக்கொண்டிருக்கும் வேறு பல நோட்ஸிலும் இதே குறைகள்தான், ஒருவரை மட்டும் நிறுத்திவைத்துக் கேட்பது நியாயமில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தேதிக்காக வாங்கலாம். காரணத்துக்காக இதை நம்பிப் பரீட்சைக்குப் போகாதீர்கள்.

நல்லதிலிருந்து ஆரம்பிப்போம். முதல் இரண்டு அத்தியாயங்களை யார் எழுதினார்களோ, விஷயம் தெரிந்து எழுதியிருக்கிறார்கள். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் வெளியேற 51.9 சதவீதம், இருக்க 48.1 சதவீதம் என்பதோடு நிறுத்தாமல், ஸ்காட்லாந்தில் 62 சதவீதமும் வட அயர்லாந்தில் 55.8 சதவீதமும் இருக்கவே வாக்களித்ததையும் சேர்த்திருக்கிறார்கள். பின்னால் வரும் தலைவலி எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. லிஸ்பன் உடன்படிக்கை கொண்டுவந்த, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் வழியைச் சொல்லும் 50ஆவது பிரிவையும் சரியாக விளக்கியிருக்கிறார்கள்: ஐந்தே உட்பிரிவுகள், நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து இரண்டு வருடக் கெடு, நீட்டிக்க வேண்டுமானால் மற்ற எல்லா நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். 2017 மார்ச் 29 அன்று கடிதம் போனது, ஆகவே கெடு 2019 மார்ச் 29. கடிகாரம் யார் பக்கம் ஓடுகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் அமைச்சரவைக்குத் தனியாக இல்லை, நாடாளுமன்றச் சட்டம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரி 24 அன்று 8க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னதும் உண்டு. விலகல் ஒப்பந்தத்தின் மீது நாடாளுமன்றத்தில் நடந்த வாக்கெடுப்புகளின் அட்டவணையில் ஓர் எண்கூடத் தப்பில்லை: 2019 ஜனவரி 15 அன்று 202க்கு 432, மார்ச் 12 அன்று 242க்கு 391, மார்ச் 29 அன்று 286க்கு 344. மூன்று தடவையும் பிரதமர் தெரசா மே அரசுக்குத் தோல்வி.

சிக்கல் ராஜினாமா அத்தியாயத்தில். முப்பத்தோரு பக்கத்துக்கு நீளும் அட்டவணை, நான்கு கட்டம்: பெயர், பதவி, தேதி, காரணம். நாலாவது கட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் ஒரே வாசகம்: ‘பிரதமருடன் கருத்து வேறுபாடு’. மூச்சு நின்றதால் இறந்தார் என்று இறப்புச் சான்றிதழில் எழுதுவது மாதிரி. பொய்யில்லை, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

பிரெக்ஸிட் ராஜினாமாக்களில் பெரியவை எல்லாம் ஏதோ ஒரு தாளைத் தொடர்ந்து வந்தவை. மேஜையில் ஒரு வரைவு வைக்கப்படும். அதில் ஒரு குறிப்பிட்ட வரி இருக்கும். அந்த வரிக்குக் கையெழுத்துப் போட முடியாது என்று ஓரிரு நாளில் ஒருவர் வெளியே போவார். இந்த நோட்ஸில் ஆள் இருக்கிறார், நாள் இருக்கிறது, தாளைத்தான் காணோம்.

டேவிட் டேவிஸை எடுத்துக்கொள்வோம். வெளியேற்றத்துக்கென்றே 2016 ஜூலையில் தொடங்கிய துறையின் முதல் அமைச்சர். 2018 ஜூலை 8, ஞாயிற்றுக்கிழமை இரவு ராஜினாமா. நோட்ஸில் தேதி சரி. ஆனால் வெள்ளிக்கிழமை ஜூலை 6 அன்று செக்கர்ஸில் நடந்த அமைச்சரவைக் கூட்டம் வேறொரு அத்தியாயத்தில், இருபது பக்கம் தள்ளிக் கிடக்கிறது. செக்கர்ஸ் என்பது பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள பிரதமரின் கிராமப்புற மாளிகை. ஏற்காட்டு பங்களாவில் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் போட்டால் எப்படியோ அப்படி. உள்ளே போகும்போது அமைச்சர்களின் செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்று ஒப்புக்கொண்ட திட்டத்தின் மையம் இரண்டு: சரக்குகளுக்கு மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்தோடு பொதுவான விதித்தொகுப்பு, கூடவே ஒன்றியத்துக்குப் போகும் சரக்குக்கு ஒன்றியத்தின் வரியைப் பிரிட்டனே வசூலித்துத் தரும் சுங்க ஏற்பாடு.

டேவிஸின் மறுப்பு இங்கேதான். விதி பொதுவானது என்றால் அதை எழுதும் கை பிரஸ்ஸல்ஸில் இருக்கும். வேண்டாம் என்று சொல்ல லண்டன் நாடாளுமன்றத்துக்குப் பெயரளவில் உரிமை உண்டு, ஆனால் சொன்னால் சந்தை போய்விடும். ஆகவே நாடாளுமன்றத்தின் கட்டுப்பாடு என்பது தோற்றம்தான், நிஜமில்லை என்று தன் கடிதத்தில் எழுதினார். ‘கருத்து வேறுபாடு’ என்ற கட்டத்தில் வந்திருக்க வேண்டியது இந்த ஒரு வாதம். அவரோடு துறையின் இளைய அமைச்சர் ஸ்டீவ் பேக்கரும் போனார். மறுநாள் ஜூலை 9 அன்று வெளியுறவு அமைச்சர் போரிஸ் ஜான்சன், நாடு ஒரு காலனியின் நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். நோட்ஸில் ஜான்சன் முதல், டேவிஸ் அடுத்து என்று வரிசை மாறிக் கிடக்கிறது. அட்டவணையை அகர வரிசையில் அடுக்கப் போய் வந்த வினை போலிருக்கிறது. இந்த இடத்தில் வரிசை முக்கியம். டேவிஸ் போன பிறகு ஜான்சனால் உள்ளே இருக்க முடியவில்லை என்பதுதான் கதையே.

அதற்கும் ஒரு மாதம் முன்பு நடந்த ஒன்றை முழுசாகவே விட்டுவிட்டார்கள். வட அயர்லாந்து எல்லையில் சோதனைச் சாவடி வராமல் தடுக்கும் ஏற்பாட்டுக்கு (பேக்ஸ்டாப், விளக்கம் பின்னால்) முடிவு தேதி போடாவிட்டால் போய்விடுவேன் என்று 2018 ஜூன் தொடக்கத்திலேயே டேவிஸ் மிரட்டியிருந்தார். ஜூன் 7 அன்று வெளியான அரசு அறிக்கையில் 2021 டிசம்பர் முடிவுக்குள் இது முடியும் என ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்று ஒரு வார்த்தை புகுந்தது. முடியும் என்றல்ல, முடியும் என எதிர்பார்ப்பு. மிரட்டினால் ஒரு வினைச்சொல் கிடைக்கும், ராஜினாமா செய்தால் அதுவும் கிடைக்காது என்பதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இப்போது நோட்ஸின் 61ஆம் பக்கத்துக்கு வருவோம், 2018 நவம்பர் 15. இந்த ஒரு பக்கத்தைச் சரியாக எழுதியிருந்தால் மற்றதை எல்லாம் மன்னித்திருக்கலாம்.

பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: டொமினிக் ராப், எஸ்தர் மெக்வே, ஷைலேஷ் வாரா, சுவெல்லா பிரேவர்மன் ஆகியோர் ராஜினாமா, காரணம், பின்நிறுத்தம். கீழே அயர்லாந்து மேப். ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸ் எடுத்து மேப் முழுக்கக் கறுப்பாகிவிட்டது, எல்லைக் கோடு எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. எல்லையைப் பற்றிய பக்கத்தில் எல்லையே இல்லை!

அந்த வாரத்தை மூன்று நாளாகப் பிரித்து எழுதியிருக்க வேண்டும். நவம்பர் 13: அட்டர்னி ஜெனரல் ஜெஃப்ரி காக்ஸ் அமைச்சரவைக்குச் சட்ட ஆலோசனை எழுதுகிறார். வட அயர்லாந்து நெறிமுறை, அதாவது ஒப்பந்தத்தில் அந்த எல்லை ஏற்பாட்டைச் சொல்லும் பகுதி, அதன் இடத்தில் வேறொரு ஒப்பந்தம் வரும்வரை காலவரையின்றி நீடிக்கும் என்பது அதன் சாரம். நவம்பர் 14: 585 பக்க விலகல் ஒப்பந்த வரைவை அமைச்சரவை ஏற்கிறது. நவம்பர் 15 காலை: வட அயர்லாந்துத் துறையின் இளைய அமைச்சர் வாரா முதலில் போகிறார், பிறகு டேவிஸின் இடத்துக்கு வந்த ராப், தொடர்ந்து மற்றவர்கள். ஒப்பந்தம் பேசப் போன துறையின் அமைச்சரே, தன் துறை கொண்டுவந்த ஒப்பந்தத்தை ஆதரிக்க முடியாது என்று சொல்லி வெளியேறுகிறார். காக்ஸின் ஆலோசனையை வெளியிட அரசு மறுத்ததும், டிசம்பர் 4 அன்று 293க்கு 311 என்று நாடாளுமன்ற அவமதிப்புத் தீர்மானம் நிறைவேறியதும், மறுநாளே அந்த ஆலோசனை வெளியானதும் இதன் தொடர்ச்சி. இந்தத் தொடர்ச்சி நோட்ஸில் எங்கும் இல்லை.

ராப் தன் கடிதத்தில் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, வட அயர்லாந்துக்கு மட்டும் தனி ஒழுங்குமுறை வைத்தால் ஐக்கிய ராஜ்யத்தின் ஒருமைப்பாட்டுக்கே ஆபத்து. இரண்டு, காலவரையற்ற அந்த ஏற்பாட்டிலிருந்து வெளியே வரும் உரிமைக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட முடியும். இரண்டாவதுக்கு ஆதாரம் நெறிமுறையின் 20ஆவது பிரிவு. அந்த ஏற்பாடு இனி தேவையில்லை என்று இரு தரப்பும் சேர்ந்துதான் முடிவெடுக்க முடியும். வாடகை ஒப்பந்தத்தில், வீட்டுக்காரர் சரி என்று சொன்னால்தான் காலி பண்ணலாம் என்று ஒரு ஷரத்து இருந்தால் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

‘பின்நிறுத்தம்’ என்ற சொல்லைப் பார்த்தால் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருக்கும் நிறுத்தம் மாதிரி இருக்கிறது. பத்திரிகைகள் எழுதியது போல் பேக்ஸ்டாப் என்றே விட்டிருக்கலாம், இல்லை கடைசிக் காப்பு ஏற்பாடு என்று விளக்கியிருக்கலாம். சேலத்தில் உட்கார்ந்து இதை விளக்குவது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. 2017 ஜூலை 1க்கு முன்னால் பெங்களூருக்கு லோடு ஏற்றிய எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி செக்போஸ்டில் நின்ற கதையைச் சொல்வார். ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரி செக்போஸ்ட் போனது. இரண்டு பக்கமும் ஒரே வரிமுறை, தடுத்து நிறுத்த வேலை இல்லை. அயர்லாந்துக் குடியரசுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, 200க்கும் மேல் குறுக்குச் சாலைகள். இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தவரை சரக்குச் சோதனைக்கு அவசியமே இல்லை. 1998 ஏப்ரல் 10 புனித வெள்ளி உடன்படிக்கைக்குப் பிறகு ராணுவச் சாவடிகளும் போயின. பிரிட்டன் வெளியேறி வரியும் விதியும் வேறாகிவிட்டால் செக்போஸ்ட் திரும்ப வரும். அது வராமல் இருக்க, எதிர்கால வர்த்தக ஒப்பந்தம் தயாராகும்வரை பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்தோடு ஒரே சுங்கப் பகுதியாக இருக்கும், வட அயர்லாந்து கூடுதலாகச் சரக்கு விதிகளையும் பின்பற்றும். பேக்ஸ்டாப் என்றால் இதுதான்.

இதன் விதை பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து வெளியிட்ட 2017 டிசம்பர் 8 கூட்டறிக்கையின் 49ஆவது பத்தி. வேறு தீர்வு கிடைக்காவிட்டால் ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம் இரண்டின் தேவையான விதிகளோடும் முழு இணக்கம் காப்போம் என்று பிரிட்டன் அதில் ஒப்புக்கொண்டது. அப்போது துறை அமைச்சர் டேவிஸ். ஏழு மாதம் கழித்து வெளியேறிய அதே டேவிஸ். இந்தப் பத்தி எண் நோட்ஸில் இல்லை. இருந்திருந்தால் டேவிஸ், ராப் இருவரின் ராஜினாமாவையும் ஒரே நூலில் கோத்திருக்கலாம்.

சுங்க ஒன்றியத்தையும் ஒற்றைச் சந்தையையும் இந்த நோட்ஸ் ஒன்றாகவே பாவிக்கிறது. செவ்வாப்பேட்டையில் அடித்த ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசை வைத்துப் பாருங்கள். வெளியூர் வியாபாரி வாங்கும்போது கேள்வி இரண்டு. எல்லை தாண்ட வரி உண்டா? இங்கே பார்த்த டச்சும் (வெள்ளியின் தூய்மை அளவு) முத்திரையும் அங்கே செல்லுமா, இல்லை மறுபடி உருக்கிப் பார்ப்பார்களா? முதல் கேள்வியைத் தீர்ப்பது சுங்க ஒன்றியம், அதோடு வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லாரும் ஒரே வரி போடுவதும் சேரும். இரண்டாவதைத் தீர்ப்பது ஒற்றைச் சந்தை. செக்கர்ஸ் திட்டம் சரக்குக்கு மட்டும் இரண்டாவதைக் கேட்டது, சேவைத் துறையையும் ஆட்களின் நடமாட்டத்தையும் விட்டுவிட்டு. அதனால்தான் 2018 செப்டம்பரில் சால்ஸ்பர்க் கூட்டத்தில் ஐரோப்பியத் தலைவர்கள் இது நடக்காது என்றார்கள். உள்ளே இருந்து டேவிஸும் வெளியே இருந்து அவர்களும் நேர் எதிரான காரணங்களுக்காக ஒரே தாளை நிராகரித்தார்கள்.

மொழிபெயர்ப்பு. இதை வேகமாகக் கடந்து போக நினைத்தோம், முடியவில்லை. ஆங்கில மூலத்தை மெஷினில் போட்டு எடுத்து, யாரும் திரும்பப் படிக்காமல் பைண்டிங்குக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஓர் இடத்தில் செக்கர்ஸ் ‘காசோலைகள்’ ஆகிவிட்டது. காசோலைகள் கூட்டத்துக்குப் பின் டேவிஸ் விலகினார் என்று படிப்பவர் ஊழல் வழக்கு என்றுதான் நினைப்பார். வெளியேறும்போது பிரிட்டன் தீர்க்க வேண்டிய நிதிக் கணக்கை, சுமார் 3,900 கோடி பவுண்டு என்று பேசப்பட்ட தொகையை, ‘விவாகரத்து மசோதா’ என்று போட்டிருக்கிறார்கள். அது ஹோட்டலில் வைக்கிற பில், சட்டசபையில் வைக்கிற பில் அல்ல. 2019 செப்டம்பரில் 21 கன்சர்வேடிவ் உறுப்பினர்களைக் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கிய செய்தி ‘21 பேரிடமிருந்து சாட்டை பறிக்கப்பட்டது’ என்று வருகிறது. ஆங்கில ‘விப்’புக்குக் கொறடா என்று நமக்கு அருமையான சொல் இருக்கும்போது!

ஆனால் சிரித்துவிட்டுப் போக முடியாத பிழை ஒன்று உண்டு. ‘ஒன்றியம்’ என்ற சொல். நம் ஊரில் ஒன்றியம் என்றால் ஏற்காடு ஊராட்சி ஒன்றியமும் உண்டு, ஒன்றிய அரசும் உண்டு, ஐரோப்பிய ஒன்றியமும் உண்டு. பிரெக்ஸிட் கதையில் இரண்டு ஒன்றியங்கள் மோதுகின்றன: பிரிட்டன் விட்டுப் போகும் ஐரோப்பிய ஒன்றியம் ஒன்று, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து சேர்ந்த ஐக்கிய ராஜ்யம் என்ற ஒன்றியம் இன்னொன்று. முதலாவதை விடப் போய் இரண்டாவது கிழியுமோ என்பதுதான் ராப், வாரா, மெக்வே எல்லாருடைய பயமும். நோட்ஸில் வட அயர்லாந்தின் டி.யு.பி. கட்சியை ‘ஜனநாயக ஒன்றியவாதக் கட்சி’ என்று மொழிபெயர்த்து, அடுத்த வரியிலேயே ‘ஐரோப்பிய ஒன்றியத்தை ஆதரிக்கும் கட்சி’ என்று விளக்கம் வேறு. தலைகீழ்! அவர்கள் வெளியேற வாக்களிக்கச் சொன்னவர்கள். வட அயர்லாந்து பிரிட்டனோடு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர். 2017 ஜூன் 8 தேர்தலில் மே பெற்றது 317 இடம், மொத்தம் 650. டி.யு.பி.யின் 10 பேரை நம்பித்தான் ஆட்சி. அந்தப் பத்துப் பேர் எந்த ஒன்றியத்தின் பக்கம் என்று தெரியாமல் இந்தப் பாடத்தில் ஒரு பக்கம்கூட நகராது. பரீட்சையில் இதை எழுதினால் மார்க் போவது மட்டுமில்லை, மேற்கொண்டு எழுதுவது எல்லாமே கோணலாகிவிடும்.

அட்டவணையில் யார் இருக்கக் கூடாது என்பதையும் பார்க்க வேண்டும். கிரெக் ஹேண்ட்ஸ் 2018 ஜூனில் விலகியது ஹீத்ரூ விமான நிலைய விரிவாக்கத்துக்காக. பிரெக்ஸிட் காலத்தில் நடந்ததெல்லாம் பிரெக்ஸிட் ஆகிவிடாது. டேவிட் ஃப்ராஸ்ட் 2021 டிசம்பர் 18 அன்று விலகியதற்கு வட அயர்லாந்து நெறிமுறையைக் காரணமாகப் போட்டிருக்கிறார்கள். பேச்சுவார்த்தை அவர் கையில் இருந்தது உண்மை, ஆனால் கடிதத்தில் அவர் குறைப்பட்டது கோவிட் கட்டுப்பாடுகள், வரி, அரசு போகும் திசை ஆகியவற்றைப் பற்றி.

எல்லாவற்றையும் விட வேடிக்கை ஜான்சன் சகோதரர்கள். அண்ணன் போரிஸ், 2018 ஜூலை 9. தம்பி ஜோ, நவம்பர் 9. இருவருக்கும் ‘மேயின் திட்டத்துக்கு எதிர்ப்பு’ என்று ஒரே காரணம். அண்ணன் போனது வெளியேற்றம் போதவில்லை என்று. தம்பி போனது மக்களிடம் மறு வாக்கெடுப்பு வேண்டும் என்று. ராஜினாமாக்கள் இரண்டு திசையிலிருந்தும் வந்தன. பிலிப் லீ, ஜோ ஜான்சன், சாம் ஜீமா ஒரு பக்கம். டேவிஸ், ராப், மெக்வே மறுபக்கம். ஜீமா 2018 நவம்பர் 30 அன்று விலகியதற்குக் கலிலியோ செயற்கைக்கோள் திட்டத்தில் பிரிட்டன் பட்ட பாட்டைத் திருப்புமுனையாகச் சொன்னார். காரணம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘எந்தப் பக்கம்’ என்று இன்னொரு கட்டம் போட்டிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். மூன்றாவது வாக்கெடுப்பில் போரிஸ் ஜான்சனும் ராப்பும் அதே ஒப்பந்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள், டேவிஸ் அதற்கு முந்தைய வாக்கெடுப்பிலேயே. ராஜினாமா செய்தவர் கடைசிவரை எதிர்த்தார் என்று நோட்ஸில் இருப்பதை அப்படியே எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பதவித் தரம் குறித்தும் ஒரு வார்த்தை. எல்லாரையும் ‘மத்திய அமைச்சர்’ என்று போட்டுவிட்டார்கள். ராப், மெக்வே கேபினட் அமைச்சர்கள். வாரா, பிரேவர்மன், பேக்கர் இளைய அமைச்சர்கள். அங்கே விலகுவது என்பது பிரதமருக்குக் கடிதம் எழுதுவது, அந்தக் கடிதமும் பிரதமரின் பதிலும் பெரும்பாலும் அன்றே வெளியாகும். எம்.பி. பதவி போகாது. விரும்பினால் சபையில் எழுந்து விளக்க உரை தரலாம். 1990 நவம்பர் 13 அன்று, விலகிய அமைச்சர் ஜெஃப்ரி ஹவ் தந்த உரை பிரதமர் தாட்சரின் நாற்காலியையே ஆட்டியது, அதுவும் ஐரோப்பா விவகாரம்தான். இதை நோட்ஸ் ஒரு வரியாவது சொல்லியிருக்கிறது, பாராட்டலாம்.

இந்தியாவோடு ஒப்பிடும் கடைசி அத்தியாயம் நான்கே பக்கம். கூட்டுப் பொறுப்புக்கு 75, 164ஆவது பிரிவுகளைக் காட்டுகிறது, சரி. 1950 ஏப்ரலில் நேரு–லியாகத் ஒப்பந்தத்தை எதிர்த்து சியாமா பிரசாத் முகர்ஜி விலகியதைச் சொல்கிறது, மிகச் சரி. ஓர் ஒப்பந்தத் தாளை முன்வைத்து நடந்த ராஜினாமா என்பதால் ராப்புக்கு நெருக்கமான இந்திய உதாரணம் அதுதான். ஆனால் சேலத்தில் அச்சான புத்தகத்தில் சேலத்துக்குப் பக்கத்துக் கதைகள் இல்லையே என்பது ஒரு ஆதங்கம். 1917இல் சேலம் நகராட்சித் தலைவரான ராஜாஜி, 1939 அக்டோபரில் சென்னை மாகாணத்தின் முழு அமைச்சரவையோடும் விலகினார். இந்தியாவைக் கேட்காமல் போரில் இழுத்துவிட்டதற்காக. அது கட்சியே எடுத்த முடிவு, தனி ஆள் ராஜினாமா அல்ல. தனி ஆள் உதாரணம் வேண்டுமானால் 1928. குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்த சுப்பராயன் முதலமைச்சர். சைமன் குழு விஷயத்தில் அவரோடு உடன்படாமல் இரண்டு அமைச்சர்கள் விலகினார்கள், அவர் நீடித்தார். மேயும் டேவிஸும் மாதிரி.

வெளியேறும் வழி பற்றியும் இங்கே ஒரு நல்ல கேள்வி தவறிப்போயிருக்கிறது. நம் அரசமைப்பில் 50ஆவது பிரிவு மாதிரி ஒரு கதவே கிடையாது. 1944 ஆகஸ்டில் இதே சேலத்தில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது, தனிநாடு அப்போது மேடைப் பேச்சு. 1963இல் 16ஆவது திருத்தம், வேட்பாளர்களே நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது. கதவு உள்ள ஒன்றியத்தையும் கதவு இல்லாத ஒன்றியத்தையும் ஒப்பிடச் சொன்னால் எழுத வேண்டியது இதைத்தான்.

பைண்டிங் பற்றி: கம்பி மெல்லிசு, 118 பக்கத்துக்குத் தாங்கவில்லை. நடுவில் பிரித்து வைத்தால் தாள் ஓட்டையோடு கிழிகிறது. 74, 75 இடம் மாறியிருக்கின்றன. எழுத்து அளவு போதும், அட்டவணைகள் தெளிவு.

வாங்குவதாக இருந்தால் இப்படிப் பயன்படுத்துங்கள். முதல் இரண்டு அத்தியாயமும் வாக்கெடுப்பு அட்டவணையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ராஜினாமா அட்டவணையில் நாலாவது கட்டத்தைப் பேனாவால் அடித்துவிட்டு மூன்றே கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: எந்தத் தாள், அதில் எந்த ஷரத்து, எந்தப் பக்கத்திலிருந்து எதிர்ப்பு. ராப் என்றால் ‘2018 நவம்பர் 14 வரைவு, நெறிமுறை 20ஆவது பிரிவு, கூட்டு முடிவு, வெளியேற்றத் தரப்பு’. இவ்வளவு போதும், பத்து மார்க் கேள்விக்கு 150 வார்த்தை இதிலிருந்து தானாக வரும். கூடவே 50ஆவது பிரிவின் முழு வாசகம், கூட்டறிக்கையின் 49ஆவது பத்தி, டேவிஸ் கடிதம், ராப் கடிதம் ஆகிய நான்கையும் நெட்டில் எடுத்துப் பின்னால் சேருங்கள். எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது, மொத்தம் பத்துப் பக்கத்துக்குள் அடங்கும். 585 பக்க ஒப்பந்தத்தை பிரின்ட் போட வேண்டாம், நெறிமுறை மட்டும் செல்போனில் இருந்தால் போதும்.

கடையில் தொங்குவது பழைய காப்பியின் காப்பி. மாஸ்டரிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள், கேட்டால் தருகிறார்கள். 61ஆம் பக்கத்தை மட்டும் வாங்கும் முன் பிரித்துப் பார்த்துவிடுங்கள். மேப் அப்போதும் கறுப்பாகவே இருந்தால், வேறோர் அயர்லாந்து மேப்பைக் கலரில் ஒரு தாள் எடுத்து அதன் மேலேயே ஒட்டிக்கொள்ளலாம்.